தம் பிரியாணிக் குறிப்பில் நிமிடக் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டிகை நெருங்கினால் பத்திரிகைகளிலும் வார இதழ்களிலும் கோழி பிரியாணிக் குறிப்பு வந்துவிடுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டை எத்தனை, கிராம்பு எத்தனை என்று எண்ணிச் சொல்லும் குறிப்புகள், கடைசியில் "தம் போட்டு இறக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. சட்டியை இறுக மூடிச் சிறுதீயில் ஆவியிலேயே சோற்றை வேகவிடுவதுதான் தம். பிரியாணி தேறுவதும் கெடுவதும் அந்த வரியில்தான். சில குறிப்புகள் மூடிமேல் தணல் அள்ளிப் போடச் சொல்கின்றன. இங்கே சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் பத்தாவது மாடியில் இருப்பவர் தணலுக்கு எங்கே போவார்?

இதன் விளைவை எங்கள் புளோக்கிலேயே பார்க்கிறேன். குறிப்பைப் பார்த்து ஆசையாக ஆரம்பிக்கும் இளம்பெண்கள், அடியில் களியும் மேலே வேகாத நறுக்கரிசியுமாக வந்ததும், "நமக்கெல்லாம் தம் வராதுக்கா" என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த விசேஷத்துக்கு வெளியே ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் நடக்கும் கடைக்குப் போய் நானும் விரும்பிச் சாப்பிடுகிறவள்தான். அதற்காக வீட்டில் சட்டி ஏறாமல் போகலாமா?

என் மாமனார் கல்யாண வீடுகளில் தேக்சா என்ற பெரிய பாத்திரம் வைத்து ஆக்கியவர். விறகடுப்பில் கற்ற கையை எங்கள் வீட்டு கேஸ் அடுப்புக்குப் பழக்கி, அதையே எனக்கும் சொல்லிக்கொடுத்தார். மசாலாவைப் பற்றி அவர் அதிகம் பேசியதே இல்லை. பேச்செல்லாம் அரிசியைப் பற்றித்தான். "நசுக்கிப் பாரும்மா. ரெண்டா உடையணும், நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி நிக்கணும். அப்ப வடிச்சிரு, ஒரு நிமிஷம் நிக்காத" என்பார். அரை மணி நேரம் ஊறிய பழைய பாஸ்மதி, உப்புப் போட்டுக் கொதிக்கும் நிறையத் தண்ணீரில் ஐந்தாறு நிமிடத்தில் அந்தப் பதத்துக்கு வந்துவிடும். மீதி வேக்காடு தம்மில், கீழே இருக்கும் மசாலாவின் ஆவியில் நடக்க வேண்டும். முழுதாக வெந்துவிட்ட அரிசிக்கு அந்த ஆவி ஏறினால் குழைவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது கோழி. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ எலும்போடு இருக்கும் கறி. வீட்டு அடுப்புக்குப் பச்சைக் கறிமேல் சோற்றைக் கொட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முக்கால் பதம் வெந்து, எண்ணெய் பிரிந்து, துண்டுகள் பாதி மூழ்கும் அளவுக்குக் குழம்பு நின்றால் போதும். அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் அடிச்சோறு கஞ்சி. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். அப்போது நமக்கு வந்த கோழியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தேக்கா சந்தையில் வாங்கிப் பழகிய பலரும் உறைந்த கோழிக்கு மாறினோம். அது உருகும்போது நிறையத் தண்ணீர் விடும். முதல்நாள் இரவே குளிர்பெட்டிக்குள் வைத்து உருகவிட்டு, நன்றாக வடித்து, தயிரையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்றும் பல வீடுகளில் உறைந்த கோழிதான். குறிப்பெழுதுகிறவர்கள் இதைச் சொன்னால் எவ்வளவு பேருக்கு உதவும்!

அடுக்கும்போது பொரித்த வெங்காயம், புதினா, மல்லி, நெய், குங்குமப்பூ கரைத்த பால் என்று எல்லோரும் எழுதுவதுதான். நான் சர்க்கரை சேர்க்காத டின் பாலும், இரண்டு ரம்பை இலையும், சில சொட்டுப் பன்னீரும் சேர்ப்பேன். தமிழ்நாட்டு உறவினர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அந்த மணம் இல்லாமல் சிங்கப்பூர்ப் பிரியாணி இல்லை.

இனி அந்த ஒரு வரி. சட்டி வாயை அலுமினியத் தாளால் இறுக்கி, மூடி போட்டு, மேலே கனமாக எதையாவது வையுங்கள். கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டினால் இன்னும் நல்லது. நடுத்தரத் தீயில் நான்கைந்து நிமிடம், உள்ளே ஆவி கட்டும் வரை. பிறகு அடியில் ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லைக் கொடுத்து, தீயை முடிந்த மட்டும் குறைத்து இருபது நிமிடம். கல் இருந்தால் சூடு ஒரே இடத்தில் குத்தாது, அடி பிடிக்காது. அடுப்பை அணைத்த பிறகும் பதினைந்து நிமிடம் திறக்கக் கூடாது. பிடிஓ எனப்படும் புதிய வீவக வீட்டுக்குப் போன இளந்தம்பதியர் பலர் இண்டக்‌ஷன் அடுப்புதான் வைத்திருக்கிறார்கள். அதில் குறைந்த சூடு விட்டுவிட்டு வருவதால் அடி கனமான சட்டி கட்டாயம். அவன் (oven) என்ற சூட்டடுப்பில் வைக்கக்கூடிய சட்டியானால் 160 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்துவிடலாம், மேலும் கீழும் ஒரே சீராகச் சூடு ஏறும். மாமனார் அந்த அடுப்பைப் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

மிஞ்சும் சோற்றைப் பற்றியும் குறிப்பில் ஒரு வரி வேண்டும். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தங்கும், நம்மூர் வெக்கையில் வெளியே கிடக்கும் சோற்றில் பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். விருந்து நாளில் மாலைவரை சட்டியை மேசையிலேயே விட்டுவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முன் வரும் உங்கள் சமையல் பகுதியில் தம்முக்கென்று கால் பக்கமாவது ஒதுக்குங்கள். கேஸ் அடுப்புக்கு ஒன்று, இண்டக்‌ஷனுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்று நிமிடக் கணக்கோடு போடுங்கள். அரிசி உடையும் பதத்தை ஒரு படத்தில் காட்டினால் இன்னும் நல்லது. இடம் போதாவிட்டால் மசாலாப் பட்டியலைக் குறைத்துக்கொள்ளலாம். ஏலக்காய் இரண்டு கூடினாலும் குறைந்தாலும் யாரும் சட்டியைத் தூக்கிக் கொட்டப்போவதில்லை.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்