தண்ணீரோடுதான் எங்கள் சண்டை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம். ஜாதகம் பொருந்தினால் பையன் துபாயில் இருக்கிறான், பையன் உள்ளூரில் இருந்தால் ஜாதகம் பொருந்தவில்லை. பார்ப்போம்.

உன் பைக் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மழை விட்ட மறுநாள் பெட்ரோல் போட்டாய், தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி இருமி நின்றுவிட்டது. திரும்பிப் போய் கலப்படம் பார்க்க ஃபில்டர் பேப்பர் கேட்டாய். ஒரு சொட்டு விட்டுக் காட்டினார்கள், கறை இல்லை, நீயும் பேச முடியாமல் வந்துவிட்டாய். மாப்ள, பங்க்கில் டேங்க்கும் பம்பும் பழுது பார்க்கிற நான் சொல்கிறேன், அந்தச் சோதனை தண்ணீருக்கு இல்லை. மண்ணெண்ணெய், டீசல் மாதிரி கனமான சரக்கு கலந்திருந்தால்தான் பேப்பரில் கறை நிற்கும். நீ கேட்டிருக்க வேண்டியது, "உங்கள் டேங்க்கில் வாட்டர் டிப் பார்த்துக் காட்டுங்கள்" என்று.

அது எப்படி என்றால், டிப் ராடு, அதாவது டேங்க்குக்குள் விட்டு மட்டம் பார்க்கும் அளவுக்கம்பி, அதன் அடிப்பக்கம் நாலு விரல் அளவுக்கு ஒரு பழுப்புப் பசையைத் தடவுவோம். ராடை மெதுவாக இறக்கி, டேங்க்கின் அடித்தட்டில் 'டக்' என்று தட்டியதும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து தூக்குவோம். தண்ணீர் நின்ற உயரம் வரை பசை சிவந்திருக்கும். அதற்கு மேலே பழுப்பு மாறாது. சிவப்பு தெரிந்தால் அப்புறம் அங்கே யாரும் வாதாட முடியாது.

ஊரில் எல்லோரும் நான் நெருப்போடு விளையாடுகிறேன் என்று நினைக்கிறார்கள். உண்மையில் என் வேலையில் முக்கால்வாசி தண்ணீரோடுதான். பங்க்கில் டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது. மேலே மேன்ஹோல், லாரி லோடு இறக்கும் ஃபில் பைப், டிப் பைப், எல்லாமே தரைமட்டத்துக்குக் கீழே ஒரு தொட்டிக்குள். மழையில் அந்தத் தொட்டி நிரம்பும். ஒரு ரப்பர் கேஸ்கெட் வெடித்திருந்தால் போதும், ஒரு மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். நூறு ரூபாய் சாமானை மாற்றாததால் ஒரு டேங்க் சரக்கு கெட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

முன்பெல்லாம் இது இவ்வளவு பெரிய தலைவலி இல்லை. பெட்ரோல் லேசு, தண்ணீர் கனம், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பம்ப் உறிஞ்சும் வாய் அடித்தட்டிலிருந்து கொஞ்சம் உயரத்தில்தான் இருக்கும். ஆகவே சிறிது தண்ணீர் கிடந்தாலும் வண்டிக்குப் போகாது. ஒரு கைப்பம்பை விட்டு அடித்து எடுத்துவிடலாம், மேலே இருக்கிற சரக்கு சரக்காகவே இருக்கும். பெட்ரோலில் எத்தனால் என்ற எரிசாராயத்தைக் கலக்க ஆரம்பித்த பிறகு கதை மாறிவிட்டது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் இ20 பெட்ரோலைத் தொடங்கிவைத்தார்களே, நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால், இப்போது அதுதான் வழக்கமான பெட்ரோல். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கொஞ்சம் வந்தால் தனக்குள்ளேயே கரைத்துக்கொள்ளும், வெளியே தெரியாது. அளவு தாண்டியதும் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து மொத்தமாக அடியில் இறங்கிவிடும். நாம் விட்டது கொஞ்சம் தண்ணீர்தான், அடியில் சேர்வது அதைவிடப் பல மடங்கு. பம்பின் வாய் வரை ஏறிவிடும். உன் பைக் குடித்தது அநேகமாக அதைத்தான். அடித்தண்ணீரை எடுத்துவிட்டாலும் மேலே நிற்பது எத்தனால் போன பெட்ரோல், ஆக்டேன் என்கிற தரம் குறைந்தது. மொத்தத்தையும் வெளியே எடுப்பதுதான் வழி.

இதில் இன்னொரு சங்கடம். இப்போது பல பங்க்குகளில் டேங்க்குக்குள் நெட்டாக ஒரு புரோப், மட்டம் காட்டும் மின்னணுக் கம்பி, நிற்கிறது. அதில் இரண்டு மிதவைகள். மேலே உள்ளது சரக்கின் மட்டத்தையும், கீழே உள்ளது தண்ணீரின் மட்டத்தையும் கம்ப்யூட்டரில் காட்டும். சுத்தமான தண்ணீரில் மிதக்கிற மாதிரி செய்த பழைய மிதவை, எத்தனால் கலந்த லேசான தண்ணீரில் மிதக்காமல் அடியிலேயே கிடந்துவிடலாம். திரையில் 'வாட்டர் 0' என்று இருக்கும். பசையும் அப்படித்தான், எத்தனாலுக்கென்று தனிப் பசை வேண்டும். திரையை மட்டும் நம்புகிற பங்க் மேனேஜரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

வெள்ளம் வந்தால் வேறு மாதிரி. 2023 டிசம்பரில் நம் தெற்கத்திச் சீமையில் கொட்டியது நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். அந்த மாதிரி நேரத்தில் காலி டேங்க்தான் ஆபத்து. 20,000 லிட்டர் டேங்க் காலியாக இருந்து சுற்றிலும் தண்ணீர் ஊறினால், மேலே தூக்கும் விசை 20 டன். இரும்பின் எடை இரண்டு மூன்று டன்தான். கட்டி நிறுத்தியது சரியில்லை என்றால் பைப்பையெல்லாம் முறித்துக்கொண்டு எழும்பிவிடும். அதனால்தான் குழியில் டேங்க்கை இறக்கிய கையோடு உள்ளே தண்ணீர் நிரப்பி வைப்போம். புயல் எச்சரிக்கை வந்தால் விவரமான டீலர்கள் முன்கூட்டியே லோடு வாங்கி நிரப்பிவிடுவார்கள்.

அளவு குறைகிறது என்றும் எழுதியிருந்தாய். அதற்கு 5 லிட்டர் கேன் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்கும், யார் கேட்டாலும் பிடித்துக் காட்ட வேண்டும். 25 மில்லி வரை ஏற இறங்க இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. மீட்டரில் எடையளவு முத்திரை ஆய்வர் வைத்த சீலை நான் பழுது பார்க்க உடைத்தால், அவர் வந்து மறுபடி முத்திரை போடும் வரை அந்த நாசிலில், அதாவது வண்டிக்குள் பெட்ரோல் விடும் குழாயில், விற்பனை கிடையாது. டீலர் என்னை முறைத்துக்கொண்டே நிற்பார்.

டீலர்களுக்கு இன்னொரு சந்தேகம் எப்போதும் உண்டு: டேங்க்கில் சரக்கு குறைகிறது, யாரோ திருடுகிறார்கள். டேங்க் படுத்த உருளை அல்லவா? 2 மீட்டர் விட்டமுள்ள 20,000 லிட்டர் டேங்க்கில் பாதி உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தப்பாகப் படித்தால் ஏறக்குறைய 127 லிட்டர் கணக்கில் போய்விடும். அடியில் அதே ஒரு சென்டிமீட்டர் அதில் பாதிகூட வராது. ராடை லேசாகச் சாய்த்துப் பிடித்தாலே போதும். இதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் இரண்டு டீ குடித்துவிடலாம்.

சரி, உன் பையன், என் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். ஐடிஐ முடித்துவிட்டு இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்கிறானாம். சம்பளம் ஆரம்பத்தில் பெரிதாக இருக்காது, ராத்திரி பகல் பார்க்க முடியாது, மழைக்காலத்தில் போன் ஓயாது. ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த பையன்களுக்கு இப்போது நல்ல மவுசு. ஒன்று மட்டும் அவனிடம் அழுத்திச் சொல். நிறைந்த டேங்க்கைவிட காலி டேங்க் மோசம். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே ஒரு பொறி போதும், அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் குழிக்குள்ளேயே தங்கி நிற்கும். ஆவியை அளக்கும் கேஸ் மீட்டர் வைத்துப் பார்க்காமல், இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே ஒரு ஆள் நிற்காமல் யார் சொன்னாலும் டேங்க்குக்குள் இறங்கக் கூடாது. முதலாளியே சொன்னாலும்தான். அதில் முகதாட்சண்யம் பார்க்கிற பையன் என்றால் வேறு வேலை தேடட்டும்.

பைக் டேங்க்கை முழுக்க வடித்துவிட்டு வேறு பெட்ரோல் போடு, சும்மா உதைத்துக்கொண்டிருக்காதே. பில் இருந்தால் பத்திரமாக வை. லோடு இறக்கும்போது எடுத்த சாம்பிள் பங்க்கில் சீல் வைத்து இருக்கும், புகார் கொடுத்தால் அதையும் பார்க்கச் சொல். லாரியில் வந்தபோதே தண்ணீர் இருந்ததா, இவர்கள் டேங்க்கில் சேர்ந்ததா என்று அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

மருமகனைப் பொங்கல் கழித்து ஒரு வாரம் அனுப்பிவை, என்னோடு சுற்றட்டும். பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், ஸ்டாட்டிக் பிடிக்கும். காட்டன் சட்டையாக எடுத்து வரச் சொல். ஷூ நான் இங்கே வாங்கிக்கொடுக்கிறேன், அளவு மட்டும் எழுது.

உன் சேக்காளி