வேனை மெயின் ரோட்டிலேயே நிறுத்துங்கள்

ஞாயிற்றுக்கிழமைதோறும் ‘சீரியல் வீடு’ காட்ட ஆட்களை அழைத்து வரும் சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம். நான் யார், எந்தத் தெரு, எந்த வீடு என்பதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் கேட்டுக்கு நேராக கூகுள் மேப்பில் புள்ளி வைத்ததே நீங்கள்தானே. எங்கள் வீட்டு வாசலைக் காட்டிய அந்த டி.வி. தொடரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னும் இரண்டு வேன் வரும்.

கேட்பது ஒன்றே ஒன்று. வேனை எங்கள் தெருவுக்குள் கொண்டுவராதீர்கள். மெயின் ரோடான ஆர்யகவுடா ரோட்டில் இறக்கிவிட்டு, நடத்தி அழைத்து வாருங்கள். உங்கள் வழிகாட்டித் தம்பியிடம் இதை நேரில் சொல்லியாயிற்று, வாட்ஸ்அப்பிலும் சொல்லியாயிற்று. “கண்டிப்பா சார்” என்றார், கட்டைவிரல் படமும் போட்டார். அடுத்த ஞாயிறும் வேன் எங்கள் கேட்டை ஒட்டித்தான் நின்றது. அதனால்தான் நாலு பேர் பார்க்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

போன ஞாயிறு நடந்ததை உங்கள் தம்பி உங்களிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் போர்வெல் இந்தக் கோடையில் கைவிட்டுவிட்டது. குழாயில் வருவது சம்ப்பின் அடியை நனைக்கத்தான் காணும். கீழே நாங்கள், மாடியில் இரண்டு குடித்தனம், எல்லோருக்கும் சேர்த்து 9,000 லிட்டர் தண்ணீர் லாரிக்குச் சொல்லி, அது வந்து சேர்வதற்குள் பாத்திரம் கழுவுவதையே ஒத்திப்போட்டிருந்தோம். லாரி சொன்னபடி காலையிலேயே வந்துவிட்டது. சென்னையில் இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. ஒரு பக்கம் பைக்குகள், மறுபக்கம் ஈ.பி. பெட்டி, நடுவில் உங்கள் டெம்போ ட்ராவலர். வேன் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். சாவியும் அவரோடு போயிருந்தது.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். உங்கள் தம்பி மைக்கில் பேச்சை நிறுத்தவில்லை. “இந்தத் திண்ணையிலதான் மாமா அந்தப் பேமஸ் டயலாக்கைச் சொல்லுவார்” என்று ஹாரனுக்கு மேல் கத்திக்கொண்டிருந்தார். தொடரில் தண்ணி லாரி வரும் ஒரு எபிசோட் உண்டு, தெருவே குடத்தோடு ஓடும். அது உங்கள் ஆட்களுக்கு நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது. கைதட்டினார்கள். ஒரு பையன் லாரி டிரைவரிடம் போய், “அண்ணே, நீங்களும் டூர்ல சேர்த்தியா?” என்று கேட்டான். நான் கேட்டுக்கு உள்ளே, ஹோஸைச் சொருகுவதற்காக சம்ப் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். என்னையும் ஒருவர் படம் எடுத்தார்.

லாரிக்காரர் பொறுமைசாலி. கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம், “அடுத்த லோடு அசோக் நகர்ல சார், நான் இங்க நின்னா அவங்க என்னைத் தொலைச்சிடுவாங்க” என்று சொல்லிவிட்டு ரிவர்ஸிலேயே தெருவை விட்டுப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை.

என் அம்மா இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருக்கிறார். குளிக்க வைக்க வரும் நர்ஸ் அம்மா ஞாயிறு காலையில்தான் வருவார். அன்றைக்கு அவர் வந்து பாத்ரூம் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றிச் சுடவைத்து, துண்டை நனைத்து அம்மாவின் உடம்பைத் துடைத்துவிட்டோம். முதுகைத் திருப்பும்போது ஜன்னல் வழியாக உங்கள் மைக் கேட்டது. திரையை இழுத்துவிட்டேன். நல்ல வேளை, கேட்டைத் தாண்டி யாரும் வரவில்லை. அதற்கு முந்திய வாரம் வந்தார்கள்.

அன்று மாலையே ரீல்ஸ் வந்துவிட்டது. லாரி ரிவர்ஸில் போகிறது, பின்னணியில் தொடரின் டைட்டில் மியூசிக். நிறைய பேர் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, எடிட்டிங் பிரமாதம்.

தொடர் பார்க்கும் ரசிகர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் பார்த்தவன்தான், சிரித்தவன்தான். ஆனால் ஆசைப்பட்டு வருகிறவர்களிடம் உண்மையையாவது சொல்லுங்கள். அப்பா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டது கேட், திண்ணை, மாடிப்படி, அவ்வளவுதான். ஊஞ்சல் ஆடும் ஹால், பாட்டி அதட்டும் சமையலறை எல்லாம் ஸ்டுடியோவில் போட்ட செட். எங்கள் வீட்டில் ஊஞ்சலே கிடையாது. உங்கள் தம்பி ஒவ்வொரு வாரமும் “உள்ளே அந்த ஊஞ்சல் இன்னும் இருக்கு” என்கிறார். அதைக் கேட்டுவிட்டு ஜன்னலில் முகத்தை வைத்து எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே தெரிவது அம்மாவின் கட்டில்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை, தெரியும். ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரின் கட்டடம் நியூயார்க்கில் பெட்ஃபோர்ட் தெரு முனையில் இருக்கிறது. உள்ளே காட்டிய வீடுகளோ கலிபோர்னியாவில் ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். ஆனாலும் அந்த முனையில் இன்றைக்கும் போட்டோ எடுக்கிறார்கள். ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் வரும் கிரேமர் பாத்திரத்துக்கு மூலமாக இருந்த கென்னி கிரேமர், 1990களில் தானே ஒரு சுற்றுலா ஆரம்பித்து நடத்தினார். அது அவருடைய கதை, அவர் காட்டிச் சம்பாதித்தார், சரி. பாஸ்டனில் ‘சியர்ஸ்’ தொடரின் முகப்பாக வந்த மதுக்கடை தன் பழைய பெயரையே விட்டுவிட்டு சியர்ஸ் என்று மாறிக்கொண்டது. கடைக்காரருக்குக் கூட்டம் வந்தால் வியாபாரம். எங்கள் வீட்டில் நாங்கள் எதையும் விற்கவில்லை.

எங்கள் கதைக்கு நெருக்கமானது சான்பிரான்சிஸ்கோவில் நடந்தது. அந்தப் பக்கம் இருக்கும் என் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ‘ஃபுல் ஹவுஸ்’ என்று ஒரு நகைச்சுவைத் தொடர், 1987 முதல் 1995 வரை ஓடியது. அதில் குடும்பம் குடியிருப்பதாகக் காட்டிய வீட்டின் முகப்பு பிராடரிக் தெருவில் இருக்கிறது. அங்கேயும் முகப்பு மட்டும்தான், உள்ளே எடுத்ததெல்லாம் ஸ்டுடியோவில். வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்க, அக்கம்பக்கத்தார் விடாமல் புகார் கொடுத்தார்கள். 2018இல் அந்த நகரத்துப் போக்குவரத்து நிர்வாகம் சுற்றுலா வண்டிகள் அந்தத் தெருப்பகுதிக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது. நடந்து போய்ப் பார்க்கிறவர்களை யாரும் தடுக்கவில்லை. அதே ஏற்பாட்டைத்தான் நானும் கேட்கிறேன், தடை எதுவும் இல்லாமல், உங்கள் நல்ல மனதை நம்பி.

சினிமா, டி.வி. இடங்களைக் காட்ட வேண்டும் என்ற ஆர்வம் உங்களுக்கு நிஜமாகவே இருந்தால் இந்த ஊரில் இடத்துக்கா பஞ்சம்? இருந்ததையெல்லாம் இடித்துவிட்டோம் என்பது வேறு விஷயம். ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் நட்சத்திர ஓட்டல். வாகினி இருந்த இடத்தில் மாலும் ஆஸ்பத்திரியும். இரண்டு இடத்திலும் வேனை நிறுத்த வசதி உண்டு, போய் நின்று, “இங்கேதான் இருந்தது” என்று மைக்கில் சொல்லலாம், யாருடைய தண்ணீரும் தடைபடாது. ஏவிஎம்மில் பழைய கார்களையும் கேமராக்களையும் வைத்து 2023இல் ஒரு மியூசியம் திறந்தார்கள், டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். சுவாமி சிவானந்தா சாலையில் தூர்தர்ஷன் இருக்கிறது. 1975இல் சென்னையில் டி.வி. தொடங்கியபின், சபா மேடையில் சிரிக்க வைத்தவர்கள் எத்தனை பேர் அதில் வந்தார்கள்! காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று அடுக்கலாம். கிரேஸி மோகன் 2019 ஜூனில் போய்விட்டார். அவர் நாடகம் போட்ட சபாக்களின் வாசலில் உங்கள் வேன் ஒருநாளாவது நின்றிருக்கிறதா? எங்கள் வீடு வந்த தொடரை எழுதினவர் யார், நடித்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று உங்கள் தம்பி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டின் நீல பெயின்ட்டைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் பேசுகிறார். அந்த பெயின்ட் போன வருஷம் நாங்கள் அடித்தது. தொடரில் கேட் பச்சை.

சரி, எங்கேயோ போய்விட்டேன். நான் எழுத உட்கார்ந்தது வேனைப் பற்றி.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்த ஊர் இது. இங்கே ஒரு லாரியைத் திருப்பி அனுப்புவது என்றால் என்ன என்று இந்த ஊரிலேயே தொழில் செய்யும் உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். போன ஞாயிறு லாரி வந்தது, நாளைக்கு ஆம்புலன்ஸாகவும் இருக்கலாம். எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு அது ஏற்கனவே இரண்டு முறை தேவைப்பட்டிருக்கிறது.

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் எங்கள் தெரு நடக்கும் தூரம்தான். மின்சார ரயிலில் அழைத்து வந்தால் உங்களுக்கு வேன் செலவும் மிச்சம். வழியில் அயோத்தியா மண்டபத்தைக் காட்டலாம், ஒரு காபியும் குடிக்க வைக்கலாம். திண்ணைக்கு எதிரே நின்று தாராளமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும், நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. மைக் இல்லாமல் பேசினால் அம்மா கொஞ்சம் தூங்குவார். வேன் மட்டும் ஆர்யகவுடா ரோட்டோடு நிற்கட்டும். இதைத்தான் முதலில் இருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன், இப்போதும் மரியாதையாகவே கேட்கிறேன்.

வருகிற ஞாயிறு மறுபடி லாரிக்குச் சொல்லியிருக்கிறோம். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் டிரைவருக்கு இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சாவியைக் கையோடு கொண்டுபோகும் அந்த டிரைவருக்கு.

இப்படிக்கு,
உங்கள் டூரின் மூன்றாவது ஸ்டாப்பில் குடியிருப்பவன்