அது 'கிளிக்' செய்த படம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இந்தியாவின் விண்வெளி ஆய்வகமான அஸ்ட்ரோசாட் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் படத்துக்குக் கீழே 'யூவிட் தொலைநோக்கி கிளிக் செய்த புகைப்படம்' என்று போட்டிருந்தீர்கள். அஸ்ட்ரோசாட்டில் உள்ள அந்தப் புற ஊதாத் தொலைநோக்கியின் தரவைச் சில ஆண்டுகளாக நோண்டிக்கொண்டிருப்பவன் என்பதால் அந்த ஒரு வரி உறுத்துகிறது.

யூவிட்டின் புற ஊதாப் படமெடுப்பு, ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாக எண்ணும் வேலை. உள்ளே விழும் ஒரு ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிடும். நுண்துளைத் தகடு அதைப் பல மடங்காகப் பெருக்க, எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் திரையில் ஒரு சின்ன மினுக்கல் தெரியும். அதை உணரி நொடிக்கு ஏறத்தாழ 29 தடவை படிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், உணரியின் ஒரு பிக்சல் வானில் 3 ஆர்க் செகண்டுக்கும் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்) மேல் அகலம். படத்தில் ஒரு விண்மீன் புள்ளியின் அகலமோ 1.5 ஆர்க் செகண்டுக்கும் குறைவு, அவ்வளவு கூர்மை. மினுக்கல் அக்கம்பக்கத்துப் பிக்சல்களிலும் சிதறுவதால் அதன் நடுப்புள்ளியைக் கணக்கிட்டுவிட முடிகிறது, அவ்வளவுதான் ரகசியம்.

முதன்முதலில் கோப்பைத் திறந்தபோது எனக்குப் படமே கிடைக்கவில்லை. நேரம், எக்ஸ், ஒய் என்று எண்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. விண்கலம் எப்போதும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். கூடவே இயங்கும் காணுறு ஒளித் தடத்தில் (கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பதியும் தனிப் பிரிவு) விண்மீன்கள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து, ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் இடத்துக்குத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் விண்மீன் புழுவாக நெளியும்.

இந்த முறைக்குப் பிரகாசம் ஆகாது. ஒரே சட்டகத்தில், அதாவது உணரி ஒருமுறை படிக்கும் நேரத்துக்குள், ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான்கள் விழுந்தால் கணக்கில் ஒன்றுதான் ஏறும். பிரகாசமான விண்மீன் உள்ளதைவிட மங்கலாகப் பதியும். அளவு மீறினால் உணரிக்கே ஆபத்து. அதனால் தொலைநோக்கி பார்க்கும் 28 ஆர்க் நிமிடப் (ஏறத்தாழ அரை பாகை) புலத்துக்குள் சூடான விண்மீன் ஏதும் இருக்கிறதா என்று முன்கூட்டியே சலித்துப் பார்ப்பார்கள். ஆசைப்பட்ட விண்மீன் மண்டலத்தின் (கேலக்ஸி) பக்கத்தில் அப்படி ஒன்று உட்கார்ந்திருந்தால், கைகழுவ வேண்டியதுதான்.

இன்னொன்று. இரண்டு புற ஊதாத் தடங்களும் இப்போதும் இயங்குவதுபோல் கட்டுரையில் எழுதியிருக்கிறது. அண்மைப் புற ஊதாத் தடம் 2018-லேயே நின்றுவிட்டது. அந்த அழகான ஊதா நிறமும் நாம் பூசியதே. குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் விடும் ஒரே வடிகட்டியில் பதிந்த தரவுக்கு ஏது நிறம்?

அடுத்த முறை படம் போடும்போது எந்த வடிகட்டி, எத்தனை நொடிப் பதிவு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்