புனித யோசவ்வாஸின் அடிமைச் சாசனம்: குருவாகப் போகும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உமது குருப்பட்ட அழைப்பிதழை உம் அம்மா நேரில் கொண்டுவந்து தந்தார். இன்னும் சில வாரங்களில் ஊரே உம்மைச் சுவாமி என்று அழைக்கும். நானும் அப்படித்தான் அழைப்பேன். ஆகவே ‘நீர்’, ‘உம்மை’ என்று உரிமையோடு எழுதக் கிடைக்கும் கடைசிக் கடிதம் இதுவாக இருக்கும் என்பதால், இருபது வருடங்களாக உமக்கு நான் பட்டிருக்கும் ஒரு கடனை இதிலேயே தீர்த்துவிட விரும்புகிறேன்.

கோவில் விறாந்தையில் நடந்த ஒரு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு உமக்கு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. யோசவ்வாஸ் (ஜோசப் வாஸ்) முனிவர் அப்போது முத்திப்பேறு பெற்றவர் மட்டுமே; புனிதர் பட்டம் கொழும்பு காலிமுகத்திடலில் 2015 சனவரி 14ஆம் திகதிதான் கிடைத்தது. ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) கண்ணில் படாமல் அவர் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒன்பது வயதுப் பையனான நீர் எழுந்து நின்று, “ரீச்சர், கூலியாள் மாதிரி வேஷம் போட்டது பொய்தானே? சுவாமிமார் பொய் சொல்லலாமா?” என்று கேட்டீர். ஆன்மாக்களுக்காகச் செய்ததால் அது பொய்யாகாது என்று ஏதோ சொல்லிவிட்டு நான் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். உமது முகம் தெளியவில்லை. இத்தனை காலம் கழித்து இப்போது எழுதுவதுதான் அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

யோசவ்வாஸ் 1651இல் கோவாவின் பெனோலிம் ஊரில் பிறந்தவர்; கொங்கணி பேசும் பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். 1676இல் குருவானார். குருவானதும் காலணியைக் கழற்றிவிட்டு ஏழைகளைப் போல வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. அடுத்த ஆண்டு, 1677 ஆகஸ்ட் 5ஆம் திகதி, தம் கையெழுத்திலேயே ஒரு சாசனம் எழுதினார்: தம்மையும் தமக்குரிய யாவற்றையும் இறைவனின் தாய்க்கு என்றென்றைக்கும் அடிமையாக ஒப்படைப்பதாக. அப்போது அவருக்கு வயது 26. அடிமைகள் சந்தையில் விலை பேசப்பட்ட காலம் அது. அடிமை ஓலை என்றால் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். உவமையாகவோ அலங்காரமாகவோ அந்தச் சொல்லை எழுத முடியாத ஒரு காலத்தில், நன்றாகத் தெரிந்துகொண்டே அவர் அதை எழுதினார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1686இல், கோவாவில் புதிதாகத் தொடங்கிய ஒரட்டோரியன் குருக்கள் குழுவின் தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு உதவியாள் யோவானை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு தூத்துக்குடி வழியாக இலங்கைக்குப் படகேறினார். அப்போது அவர் உடுத்தியிருந்தது உழைப்பாளியின் அரைத்துணி. இப்போது சொல்லும் தம்பி, அது வேஷமா? தம்மை அடிமை என்று எழுதிக் கையெழுத்திட்டவர் அடிமையின் உடையில் வந்ததில் என்ன பொய் இருக்கிறது? ஒல்லாந்தருக்குத்தான் அது மாறுவேடம். அவரைப் பொறுத்தவரை, உள்ளே எப்போதோ உடுத்திக்கொண்டதைக் கடைசியில் வெளியிலும் உடுத்தினார், அவ்வளவுதான்.

நம் மொழி குருவுக்குத் தரும் பெயர்களை இந்த இடத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்வேன். சுவாமி என்றால் உடைமைக்காரர், ஆண்டவர். அடிகளார் என்ற சொல்லிலோ பாதம் இருக்கிறது. அதே அடியிலிருந்துதான் அடிமையும் அடியாரும் வருகிறார்கள். சனங்கள் அன்பினால் உம்மைச் சுவாமி என்பார்கள், அதைத் தடுக்கவும் வேண்டாம். ஆனால் அவர்கள் எந்தப் பெயரால் உம்மைக் கூப்பிடுகிறார்கள் என்பது வேறு, நீர் உமக்குள் எந்தப் பெயருக்கு ‘ஏன்’ என்று குரல் கொடுக்கிறீர் என்பது வேறு.

அவர் வந்து இறங்கிய யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாரும். 1658இல் ஒல்லாந்தர் பட்டினத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றியதிலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, அவஸ்தைப் பூசுதல் இல்லை. கோவில்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையின் ஞானஸ்நானமும் கலியாணமும் அவர்களுடைய தோம்பில், அதாவது பதிவேட்டில், பதிந்தால்தான் செல்லும். ஒரு குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். ஒரு தலைமுறையே குருவின் முகத்தைப் பார்க்காமல் வளர்ந்திருந்தது.

அந்த மண்ணில் அவர் முதலில் செய்தது போதித்தது அல்ல, நோயில் விழுந்தது. சீதபேதி அவரை எழும்ப முடியாமல் கிடத்தியது. யாரோ ஒரு பரதேசி என்று எண்ணி இரங்கிய ஒரு பெண் ஊற்றிய கஞ்சியில்தான் அவர் பிழைத்தார் என்று நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். அந்தப் பெண்ணின் பெயரை ஒருவரும் குறித்து வைக்கவில்லை. இலங்கைக்குக் குருவாக வந்தவர் இங்கே முதன்முதலில் நீட்டியது ஆசீர்வதிக்கும் கையை அல்ல, கஞ்சிக்காக ஏந்திய கையை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைகிறது. உடம்பு தேறியதும் அதே பிச்சைக்காரக் கோலத்தில், கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய் நின்றார். செபமாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறது, எந்தக் கண் அதிலேயே தங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் தம் மக்களைக் கண்டுபிடித்தார். கதவைத் தட்டி, ‘நான் குருவானவர்’ என்று சொல்லும் வசதி அவருக்கு இருக்கவில்லை. அவர் நின்ற நிலையிலிருந்தே சனங்கள் அவர் யார் என்று கண்டுகொள்ள வேண்டியிருந்தது.

பிறகு யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊர். இரவில் பூசை, விடிவதற்குள் இடம் மாற்றம். கொங்கணி பேசியவர் நம் தமிழைப் படித்துத் தமிழிலேயே பாவசங்கீர்த்தனம் கேட்டார். முப்பது வருடப் பாரத்தை ஒருவர் தம் சொந்த மொழியில் இறக்கி வைக்கும்போது அதைக் கேட்டிருக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது உமக்கு விரைவில் விளங்கும். ஆபத்து அவருக்கு மட்டும் இருக்கவில்லை. ஒளித்து வைத்த குடும்பங்கள் சொத்தையும் உயிரையும் பணயம் வைத்தன. கெடுபிடி முற்றிச் சனங்கள் பிடிபட்டுச் சிறைக்குப் போனபோது, 1690இல் அவர் கண்டி அரசின் கீழிருந்த புத்தளத்துக்கு மாறினார். அதன் பிறகும் ஒல்லாந்தரின் ஊர்களுக்குள் மாறுவேடத்தில் போய்வருவதை அவர் நிறுத்தவில்லை.

1692இல் கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகித்து அரசர் இரண்டாம் விமலதர்மசூரியன் காவலில் வைத்தார். அங்கே அவர் சிங்களம் படித்தார்; காவலில் இருந்தபடியே ஒரு சிற்றாலயம் எழுப்பினார். காலப்போக்கில் அரசரின் நம்பிக்கையும் கிடைத்தது. வறட்சிக் காலத்தில் அவர் மன்றாடி மழை பெய்த அற்புதத்தைப் பற்றி எல்லாரும் உமக்குச் சொல்வார்கள். அதைவிட 1697ஆம் ஆண்டு என் மனத்தை அதிகம் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. அரசர் நகரத்தை விட்டு நீங்கினார்; பெற்றவர்களும் பிள்ளைகளும்கூட நோயாளரைக் காட்டோரம் விட்டுவிட்டு ஓடினார்கள். யோசவ்வாஸும் அவருடைய மருமகனான குரு யோசேப்பு கர்வாலியோவும் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களுக்கு ஒதுக்கிடம் அமைத்து, சோறு கொண்டுபோய் ஊட்டி, புண் கழுவி, செத்தவர்களைத் தாங்களே சுமந்து அடக்கம் செய்தார்கள். நோயாளி கத்தோலிக்கரா பௌத்தரா என்று அவர்கள் கேட்கவில்லை. பிறருடைய புண்ணைக் கழுவுவது அன்றைய உலகில் அடிமையின் வேலை. 1677இல் எழுதிய சாசனம் அங்கே வரிக்கு வரி நிறைவேறியதாகவே நான் நினைக்கிறேன்.

1705இல் இலங்கைத் திருச்சபையின் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். அதே ஆண்டில் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுத, இவரோ காடும் மேடும் நடந்துகொண்டே இருந்தார். 1711 சனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார். புறப்பட்ட நாள் முதல் ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை.

தம்பி, உமது காலத்தில் உம்மைத் துரத்த எந்த ஒல்லாந்தரும் இல்லை. கட்டடங்கள், திருவிழாக்கள், கூட்டங்கள், பொன்னாடைகள் என்று உம்மைச் சுற்றி நிறையவே இருக்கும். அவற்றில் பல தேவையானவைதான், குறை சொல்ல நான் வரவில்லை. ஆனாலும் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். என் அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் ஓர் இளங்குரு நற்கருணை கொண்டுவந்தார். படலையடியிலேயே செருப்பைக் கழற்றினார். அம்மாவுக்குத் தலை தூக்க முடியாது, குரலும் எழும்பாது. நான் கதிரை எடுக்கப் போனபோது கையால் மறித்துவிட்டு, வெறுந்தரையில் சம்மணம் கொட்டி இருந்து, அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தார். நான் வெளியே போய் நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று நான் கணக்கெடுக்கவில்லை; முற்றத்தில் வெயில் ஏறியிருந்தது. திரும்பிப் போகும்போது அவருடைய வெள்ளை அங்கியின் பின்புறம் முழுவதும் தரைத் தூசி ஒட்டியிருந்தது. யோசவ்வாஸை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவரை என் வீட்டுக்குள்ளேயே கண்டேன் என்றுதான் நம்புகிறேன்.

உமது குருப்பட்ட நாளில் புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடும்போது நீர் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடப்பீர். அதில் யோசவ்வாஸின் பெயரையும் சேர்க்கச் சொல்லிப் பாடகர் குழுவிடம் இப்போதே கேட்டு வையும். அந்தப் பெயர் வரும்போது உமது நெற்றி தரையில்தான் இருக்கும். பின் வரிசையில் இருந்து நான் உரத்துச் சொல்வேன், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று.

அன்புடனும் செபத்துடனும்,
உமது மறைக்கல்வி ரீச்சர்