விடாமல் கூப்பிட்டவர்களுக்கு ஒரு தாயின் நன்றி மடல்

கல்லடிப் பாலத்தை நேற்று என் மகள் எங்கும் நிற்காமல் நடந்து கடந்தாள். போன வருடம் பாதிப் பாலத்தில் கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்கி நின்ற பிள்ளை. இதயத்திலிருந்து சுவாசப்பைக்கு, அதாவது நுரையீரலுக்கு, இரத்தம் போகும் வழியிலுள்ள வால்வை மாற்றி ஆறு மாதமாகிறது.

முதல் நன்றி மட்டக்களப்பு இதய கிளினிக்கின் தாதி அக்காவுக்கு. உடல் நீலம் பாரிக்கும் பிறவி இதய நோய்க்காக நான்கு வயதில் கொழும்பில் மகளின் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்றிருந்தோம். சுவாசப்பைக்குப் போகும் வழியில் இருந்த அடைப்பை நீக்கிய இடத்தில் வால்வு கசியும், திரும்பி வரும் இரத்தத்தால் வலப்பக்க இதயவறை வருடக்கணக்கில் பெருத்துக்கொண்டே போகும், அப்போதும் பிள்ளை ஓடியாடித் திரியும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வராமல் விட்ட வருடத்தில் தொலைபேசி எடுத்துக் கூப்பிட்டீர்களே அக்கா, அந்த அழைப்புதான் அவளைக் காத்தது.

சென்னையில் சிகிச்சை செய்த வைத்தியரே, தொடை நாளம் வழியே குழாயைச் செலுத்தி, மாட்டின் கழுத்து நாளத்தில் செய்த வால்வைக் கம்பிக்கூட்டோடு உள்ளே விரித்து வைத்தீர்கள். அதற்குமுன் பலூனை ஊதி, இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் நாடி நசுங்குகிறதா என்று பார்ப்பீர்கள், நசுங்கினால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவரும் என்று சொல்லியிருந்தீர்கள். "நசுங்கவில்லை அம்மா" என்று சொல்வதற்காகவே ஒருவரை வெளியே அனுப்பினீர்கள். அந்தக் கருணையை மறக்க மாட்டேன். மூன்றாம் நாள் மகள் நடந்தே வெளியே வந்தாள்.

2000ஆம் ஆண்டு பாரிஸில் 12 வயதுச் சிறுவனுக்கு இப்படிக் குழாய் வழியே வால்வை முதன்முதலில் வைத்த வைத்தியர் பிலிப் போன்ஹோஃபருக்கும் இங்கிருந்து என் கும்பிடு. மாட்டுக்கும் நன்றி சொல்லச் சொன்னார் அம்மம்மா, சொல்லிவிட்டேன்.

பெயர் வேண்டாம் என்று பணத்தைக் கையில் வைத்துவிட்டுப் போன காத்தான்குடி நானா, பிடிச்ச மீனின் காசை அப்படியே தந்த கல்லடித் தம்பிமார், உங்களுக்கு எந்த வார்த்தை போதும்?

இந்த வால்வும் ஆயுள் முழுக்க வராது. தேய்ந்தால் இதற்குள்ளேயே இன்னொன்றைக் குழாய் வழியே வைக்கலாமாம். கிருமி தொற்றாமல் பல்லைக்கூடக் கவனமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மகள் இரவிலும் பல் துலக்குகிறாள்.

அடுத்த கிளினிக் ஆவணியில். இம்முறை நீங்கள் கூப்பிட வேண்டாம் அக்கா, நாங்களே வருவோம்.

ஒரு தாய்,
கல்லடி, மட்டக்களப்பு