உன் ஏஸ் ஜோடியும் அந்த முரட்டு ஆளும்

அம்மு,

நீ ஆன்லைன் போக்கரில் ஆடி அனுப்பின கையை, அந்த ஒரு சுற்று ஆட்டத்தை, ஓட்டிப் பார்த்தேன். அந்த முரட்டு ஆள் 3 பிளைண்டுக்கு (பிளைண்ட் என்பது ஆரம்பத்தில் கட்டாயமாகக் கட்டுகிற தொகை) ரெய்ஸ், அதாவது பந்தயத்தை ஏற்றினான், நீ இரண்டு ஏஸை வைத்துக்கொண்டு 9 ஆக்கினாய், அவன் கால், அதாவது ஈடு கட்டினான். ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக விரிக்கிற முதல் மூன்று சீட்டில், ராஜா, 7, 2, மூன்றும் வேறு வேறு சின்னம். நீ 6 கட்டினாய், அவன் 20க்கு எகிறினான், அடுத்த நொடியே நீ ஆல்-இன், இருந்ததெல்லாம் உள்ளே, அவன் ஃபோல்டு, சீட்டைக் கீழே போட்டுவிட்டான். "ஏஸ் வந்தும் இவ்வளவுதானாப்பா" என்று வேறு கேட்டிருக்கிறாய். 221 கைக்கு ஒரு தடவை வருகிற ஜோடி, ஆதங்கம் வரத்தான் செய்யும்.

ஃப்ளாப்புக்கு முன்னால் நீ ஆடியதில் குறை இல்லை. எதிராளி கையில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஒருவனுக்கு எதிராக ஏஸ் ஜோடி 85 சதவீதம் ஜெயிக்கும், நாலு பேருக்கு எதிராக அது சுமார் 56தான். அந்த இடத்தில் பதுங்குகிறேன் பேர்வழி என்று வெறும் கால் போட்டு மேஜையையே உள்ளே விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கோளாறு ஃப்ளாப்பில். அவன் 20க்கு எகிறினதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது, அது நீ பட்டனை அமுக்கின வேகத்திலேயே தெரிகிறது. கொஞ்சம் நிதானித்து, இந்த ஆல்-இன்னுக்கு யார் கால் போடுவார்கள் என்று கேட்டுப் பார். மூன்று ஏழு, மூன்று இரண்டு வைத்திருப்பவன் சந்தோஷமாகப் போடுவான், ஏஸ்-ராஜா வைத்திருப்பவன் யோசித்துப் போடுவான். ஒன்றுமே இல்லாமல் மிரட்டிக்கொண்டிருந்தவன் ஓடிப்போவான், ஆனால் உனக்குக் காசு தரக்கூடியவனே அவன்தானே! நீ சும்மா கால் போட்டிருந்தால் பாட் (நடுவில் சேர்ந்த மொத்தப் பந்தயம்) கிட்டத்தட்ட 60 பிளைண்ட் ஆகியிருக்கும், டர்னில் (நாலாவது பொதுச் சீட்டில்) அவன் பாதி பாட் கட்டி மறுபடி மிரட்டியிருந்தால் இன்னொரு 30 உள்ளே வந்திருக்கும். அவனை விட்டுவைப்பதில் ஆபத்தும் பெரிதாக இல்லை, அவனிடம் ராணி ஜோடியே இருந்தாலும் மிச்சம் இரண்டு ராணிதான், அடுத்த சீட்டில் அது விழ 4 சதவீதம்தான் வாய்ப்பு.

அதே ஏஸ் ஜோடி, ஃப்ளாப் மட்டும் 9, 8, 4, அதில் இரண்டு ஹார்ட்டின் என்றால் கதை வேறு. அங்கே மிரட்டுகிறவன் கையிலும் இரண்டு ஹார்ட்டின் இருக்கலாம், அவனுக்கு ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) சேர 9 சீட்டு பாக்கி, டர்னும் ரிவரும் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) சேர்த்துப் பார்த்தால் 35 சதவீதம். அவனுக்கு அடுத்த சீட்டை மலிவாகக் காட்டாதே, மேலே ரெய்ஸ் பண்ணு. டர்னில் ஹார்ட்டின் விழுந்துவிட்டால் அப்புறம் இது வெறும் ஒரு ஜோடி என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இன்னொன்று, இதெல்லாம் அடிக்கடி எகிறுகிற ஆளுக்குத்தான் பொருந்தும். இரவு முழுக்க கால், செக் (பந்தயம் கட்டாமல் விடுவது) என்று வாயைத் திறக்காமல் ஆடுகிறவன் திடீரென்று ரிவரில் பெரிதாக ரெய்ஸ் பண்ணினால், ஏஸ் ஜோடி என்றாலும் கீழே போட்டுவிடு, மனசு கேட்காது, பரவாயில்லை. ஆன்லைனில் முகம் தெரியாது என்று நீ புலம்புகிறாய், ஆனால் அவன் எவ்வளவு கட்டினான், எவ்வளவு சீக்கிரம் கட்டினான், கடைசியில் எதைக் காட்டினான் என்பதெல்லாம் கண்முன்னால் இருக்கிறது. அவன் பெயர் மேல் ஒரு குறிப்பு எழுதி வை, "எதுவும் சேர வழியில்லாத காய்ந்த ஃப்ளாப்பிலும் எகிறுவான், திருப்பி அடித்தால் சீட்டைக் கீழே போட்டுவிடுவான்" என்று. யோசிக்கக் கூடுதல் நேரம் தருகிற அந்த நேர வங்கியையும் கொஞ்சம் பயன்படுத்து, அதற்காகத்தானே கொடுத்திருக்கிறார்கள்.

அவன் மறுபடி ஏதாவது மேஜையில் உட்கார்ந்திருந்தால், அவனுக்கு இடது பக்கத்து இருக்கை காலியா என்று பார்த்து உட்கார். பெரும்பாலும் அவன் முதலில் பேசியாக வேண்டும், நீ பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம். அடுத்த கையையும் அனுப்பு.

அப்பா