பாப்பாவுக்கு, பிஸ்கட் என்ற நாயையும் மிட்டு என்ற பூனையையும் பற்றி

காவேரிப்பட்டணம்,
ஆனி மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். நேற்று முன்தினம் இரவு நீ தொலைபேசியில், "மிட்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, என்மேல் கோபம் போலிருக்கிறது, உடம்பும் சுடுகிறது, பாதி பாராசிட்டமால் கொடுக்கட்டுமா?" என்று கேட்டாய். கொடுக்காதே என்று நான் போட்ட சத்தத்தில் நீ பயந்துவிட்டதாக அம்மா என்னைக் கடிந்துகொண்டாள். மறுநாள் காலை மருத்துவரிடம் காட்டியதில், ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருப்பது தெரிந்து மருந்து தொடங்கியிருப்பதாக உன் செய்தி வந்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கியது. தொலைபேசியில் எதையும் வரிசையாகச் சொல்ல என்னால் முடிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தச் சத்தத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். நம் உடலில் பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் வழி ஒன்று ஈரலில் உண்டு. பூனையின் ஈரலில் அந்த வழி மிகவும் பலவீனமானது. ஆகையால் நாம் தலைவலிக்குப் போட்டுக்கொள்ளும் ஒரே மாத்திரை, பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுத்து, ஈறுகளைப் பழுப்பாக்கி, முகத்தையும் பாதங்களையும் வீங்கச் செய்து, அதைக் கொன்றுவிடவும் கூடும். நாய் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும் அதற்கும் நம் வலி மாத்திரைகள் ஆகாது. ஐபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவற்றையும் அவை எட்டும் இடத்தில் வைக்காதே. நம் ஊரில் நாய்க்குக் களியும் குழம்பும் ஊற்றித்தானே வளர்த்தோம் என்று நீ கேட்பாய். கேழ்வரகுக் களியால் ஒரு குறையும் இல்லை. அதன்மேல் ஊற்றிய வெங்காயக் குழம்பைத்தான் இப்போது தவறு என்கிறேன்.

நான் 31 ஆண்டுகள் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன், மருத்துவன் அல்லன். அரூர், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை என்று பழைய தர்மபுரி மாவட்டம் முழுவதும், அதாவது 2004-இல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிவதற்கு முன்பிருந்த அந்தப் பெரிய மாவட்டம் முழுவதும், மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் ஊசி போட்டே காலம் கழித்தவன். மாட்டை அறிந்தவன் பூனையையும் அறிவான் என்று ஊர் நம்பியது, நானும் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு நம் வீடு ஒரு விலை கொடுத்தது. இதுவரை உன்னிடம் சொல்லாத அதை இப்போது சொல்கிறேன்.

நீ ஏழாம் வகுப்புப் படித்தபோது நம்மிடம் இருந்த பூனை வெள்ளையனை நினைவிருக்கிறதா? தோப்புப் பக்கம் போனவன் திரும்பவில்லை என்று உன்னிடம் சொன்னோம். அவன் எங்கும் போகவில்லை. ஒரு நாள் காலை முதல் அவன் மூலையில் போய் உட்காருவதும், முக்குவதும், எழுந்து வேறிடம் போய் மறுபடி உட்காருவதுமாக இருந்தான், அடிக்கடி பின்பக்கத்தை நக்கினான், தூக்கினால் கத்தினான். மலச்சிக்கல் என்று நானே முடிவு செய்து விளக்கெண்ணெய் புகட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். உண்மையில் அவனுக்குச் சிறுநீர் அடைத்திருந்தது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகியது. சிறு கல்லோ, மணல் போன்ற படிவமோ, சளி போன்ற அடைப்போ போதும். பை நிரம்பி, கழிவு இரத்தத்திலேயே தங்கி, பொட்டாசியம் ஏறி, இரண்டு நாளுக்குள் இதயம் நின்றுவிடும். மூன்றாம் நாள் விடியலில் புளியமரத்தடியில் அவனைப் புதைத்தோம். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டபோது உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே மிட்டுவின் மணல் தட்டைத் தினமும் நீயே சுத்தம் செய். சிறுநீர் பட்டு மணல் கட்டிய ஈரக்கட்டி எத்தனை இருக்கிறது என்று பார்ப்பதுதான் அதில் உள்ள வேலை. தட்டில் முக்கிக்கொண்டு உட்கார்ந்தும் கட்டி எதுவும் இல்லாவிட்டால் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போ. விடியட்டும் என்று காத்திராதே. அதே போல, நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் சமாளித்துவிடும். பூனை, அதிலும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் உடலின் கொழுப்பெல்லாம் ஈரலுக்குப் போய்ச் சேர்ந்து ஈரலே பழுதாகிவிடும். பூனைக்குக் கோபம் வரும் என்பது உண்மைதான். ஆனால் கோபத்தில் அது இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையைக் கண்டால் அதையும் அவசரம் என்று எடுத்துக்கொள். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது போல் பூனை இளைப்பது வழக்கமில்லை.

இந்த ஜீவன்கள் நோயை மறைக்கும். காட்டில் நொண்டிய விலங்குதான் முதலில் இரையாகும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆகையால் உடம்பு நன்றாக இருக்கும்போது அவை எப்படி இருக்கின்றன என்பதை நீ பார்த்து வைத்திருக்க வேண்டும். பிஸ்கட் படுத்துத் தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறான் என்று எண்ணிப் பார். 30-ஐத் தாண்டக் கூடாது. மேலுதட்டைத் தூக்கி ஈற்றைப் பார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். வெளுத்த ஈறு இரத்தம் குறைந்ததையும், மஞ்சளான ஈறு ஈரல் கெட்டதையோ எலிக்காய்ச்சலையோ, நீலம் பாய்ந்த ஈறு மூச்சு போதாததையும் காட்டும். பிடரித் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. மூக்கு ஈரமாக இருந்தால் நலம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அதை நம்பாதே, தூங்கி எழுந்த எந்த நாயின் மூக்கும் காய்ந்துதான் இருக்கும். காய்ச்சலை அறிய வெப்பமானி வேண்டும். ஆசனவாயில் வாஸ்லின் தடவி வைத்துப் பார்க்கையில் நாய்க்கும் பூனைக்கும் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நம் உடம்பைவிட அவை சூடாகத்தான் இருக்கும் என்பதால், கை வைத்து "சுடுகிறது" என்று சொல்வதில் பொருளில்லை. 104-ஐத் தொட்டால் தாமதிக்காதே.

பிஸ்கட் தெருவில் எடுத்த குட்டி என்பதால் இரண்டு விஷயங்களில் எனக்குக் கவலை இருக்கிறது. ஒன்று பார்வோ என்ற தொற்றுநோய். குட்டி சோர்ந்து, வாந்தி எடுத்து, நாற்றமடிக்கும் இரத்தபேதி போனால் அது பார்வோ என்றே எண்ணிக்கொண்டு ஓடு; குளுக்கோஸ் ஏற்றி, தீவிர சிகிச்சை கொடுத்தால் பல குட்டிகள் பிழைக்கின்றன, வீட்டில் மோர் புகட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். பினாயில் அதை ஒன்றும் செய்யாது, பிளீச் கரைசல்தான் வேண்டும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியை மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். ஒரு ஊசி போட்டதும் போதும் என்று நிறுத்திவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அந்த முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும் என்பதால்தான் அடுத்தடுத்துப் போடுகிறார்கள்.

மற்றொன்று உண்ணி. காதுக்குள்ளும், விரல் இடுக்கிலும், கழுத்துப் பட்டையின் கீழும் வாரம் இருமுறையாவது தடவிப் பார். நாயின் மேல் இருக்கும் உண்ணி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்திட்டு வீட்டை விட்டுவிட்டால் பயனில்லை. மண்ணெண்ணெய் தடவாதே, நசுக்காதே. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் தின்னாது, ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கிலிருந்து இரத்தம் வரும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருத்துவர் நான்கு வாரத்துக்கு மாத்திரை எழுதினால், பத்தாம் நாள் வாலாட்டுகிறான் என்று நிறுத்திவிடாமல் முழுவதும் கொடு. இன்னொன்று முக்கியம்: நாய்க்கென்று விற்கும் உண்ணி மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனைக்கு நஞ்சு. பிஸ்கட்டுக்குத் தடவிய மருந்தை மிட்டு நக்கினாலே வலிப்பு வரக்கூடும். இரண்டும் ஒரே கட்டிலில் படுக்கிற வீடு உன்னுடையது, அதனால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்கு.

சொறிக்கு இங்கே இன்னமும் வண்டியின் கழிவு எண்ணெயைத் தடவுகிறார்கள். நாய் அதை நக்கி, ஈரல் கெட்டுச் சாவதை நான் கண்டதுண்டு. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவினால் அரிப்பு சற்று அடங்கலாம். தோலுக்குள் குடைந்திருக்கும் சிற்றுண்ணி சாகாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். காதை அடிக்கடி ஆட்டினால், நாறினால், காட்டிவிடு. குடற்புழு மருந்தை மறக்காதே. எதிர்வீட்டுப் பெண் நாய் உன்னிடம்தான் பெரும்பாலும் வளர்கிறது என்றாய். அதற்குக் கருத்தடை செய்யச் சொல், ஏனென்றால் பருவம் முடிந்து சில வாரங்களில் அது தண்ணீராகக் குடித்துக்கொண்டு சோர்ந்து கிடந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம், அது உயிர்க்கொல்லி.

வெறிநோயைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் பாலக்கோடு பக்கத்தில் ஒரு பசு எச்சில் ஒழுக நின்றது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வீட்டார் சொன்னார்கள். நான் முழங்கைவரை உள்ளே விட்டுத் தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பசு செத்தபோதுதான், முந்தைய மாதங்களில் ஒரு நாய் அதைக் கடித்திருந்ததைச் சொன்னார்கள். அதன்பின் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டேன். அது செம்மறியாட்டு மூளையிலிருந்து குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தயாரித்து வந்த பழைய மருந்து. உன் அம்மா அப்போது உன் அண்ணனைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, அதற்கு மிரள்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நாயின் தாடை தொங்கி, எச்சில் வடிந்து, குரல் மாறினால் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கை விடாதே. வெறிநோய் எப்போதும் பாய்ந்து கடிக்கும் உருவத்தில் வருவதில்லை. முடங்கி மூலையில் கிடக்கும் உருவமும் உண்டு. சித்திரை வெயிலில்தான் நாய்க்கு வெறி பிடிக்கும் என்பதும் பொய், அது ஆண்டு முழுவதும் வரும். கடியோ கீறலோ, வீட்டு நாயோ தெரு நாயோ, சிறு குட்டியோ, எதுவாயினும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவு. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்காதே. அன்றே மருத்துவமனைக்குப் போ. இப்போது தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்தும் கையில் ஊசி போடுகிறார்கள். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்தும் செலுத்த வேண்டும், அதைக் கேட்டுப் பெற்றுக்கொள். அறிகுறி தோன்றிய பிறகு மருந்தில்லை. பிஸ்கட்டுக்கும் மிட்டுவுக்கும் மூன்று மாதத்தில் போட்ட ஊசியை மருத்துவர் சொல்லும் காலத்தில் புதுப்பித்து, அந்த அட்டையைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

நாளை பார்சலில் வெப்பமானி ஒன்றும், ஒரு பெட்டி செந்தூரா மாம்பழமும் அனுப்புகிறேன். இந்த ஆண்டு கடைசிப் பறிப்பு. பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் திறந்த தொட்டியில் போடாதே. நம் பக்கத்துத் தோப்புக்காரரின் நாய் சென்ற ஆண்டு மாங்கொட்டையை முழுதாக விழுங்கி, மூன்று நாள் வாந்தி எடுத்து, தண்ணீர்கூட நிற்காத நிலையில் நாமக்கல் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் குடலைத் திறந்துதான் எடுத்தார்கள். அது பிழைத்துக்கொண்டது, தோப்புக்காரர் இன்னமும் அந்தக் கொட்டையைக் கழுவி மாடத்தில் வைத்திருக்கிறார். பிஸ்கட் திருடுகிறவன் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். கொட்டைகளை மூடியுள்ள வாளியில் போட்டு, அன்றன்றே வெளியே அனுப்பிவிடு.

மிட்டு சாப்பிட்டானா என்று இன்று இரவு தெரிவி.

அன்புடன்,
அப்பா